தோணாவைத் தோண்டப் பணம் வருகிறது, அளக்க யார் தருவது?

கார்த்திகையில் அடைமழை பிடித்து மூன்று நாளானால், கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையோரத்தில் தேநீர்க் கடையிலும் பள்ளிவாசல் முன்றலிலும் கோயில் வீதியிலும் ஒரே கேள்விதான்: "முகத்துவாரம் வெட்டியாச்சா?" கடலுக்கும் தோணா என்ற கரையோர நீரோடைக்கும் நடுவில் கிடக்கும் மணல் திட்டை ஒரு முழ அகலத்துக்கு மண்வெட்டியால் கீறிவிட்டால் போதும். மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். இரண்டு பக்கக் கரையும் பொத்துப் பொத்தென்று சரிய, கொஞ்ச நேரத்தில் ஆள் தாண்ட முடியாத ஆறாகிவிடும். கறுத்த தண்ணீர், பொலித்தீன் பை, ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) எல்லாம் ஒன்றாகக் கடலுக்குள் இறங்கும். வளவுக்குள் நின்ற வெள்ளம் வடியும். எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.

மழை ஓய்ந்த பிறகு கடல் மணலைக் கொண்டுவந்து அந்த வாயை அடைத்துவிடும். சித்திரை வெயிலில் தோணா மறுபடி தேங்கி நிற்கும். நாற்றம் எழும், நுளம்பு பெருகும். "தோணாவைத் துப்புரவாக்குங்கள்" என்று மகஜர் போகும். எங்கிருந்தோ ஒரு நிதி வரும், மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வரும், சேற்றை அள்ளிக் கரையில் போடும், படம் எடுப்பார்கள். இரண்டு மாரி கழிந்தால் பழைய நிலைதான்.

வெளியூர் வாசகருக்கு ஒரு விளக்கம். தோணா என்பது கடற்கரை மணல் மேட்டுக்குப் பின்னால், பெரும்பாலும் கரைக்கு இணையாக ஓடும் ஒடுக்கமான நீரோடை. ஆறு என்று சொல்ல முடியாது, ஏனென்றால் ஆண்டில் பாதிக் காலம் ஓடாது. குளம் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் கடலோடு அதற்குத் தொடுப்பு உண்டு. சாய்ந்தமருதுத் தோணா செய்திகளில் அடிக்கடி அடிபடும் ஒன்று. மேற்கே கரைவாகு வயல்வெளியிலும் ஊருக்குள்ளும் விழும் மழைநீர் கடலுக்குப் போக இயற்கை வைத்த வடிச்சல் பாதை இதுதான்.

இதைத் திருத்த வரும் பணம் ஏன் திரும்பத் திரும்ப வீணாகிறது என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன். பணம் போதாது என்பது பாதி உண்மை. தோண்டுவதற்குப் பணம் ஏதோ ஒரு வழியில் கிடைக்கிறது. தோண்டுவதற்கு முன்னும் பின்னும் தண்ணீரை அளந்து, என்ன மாறியது என்று எழுதிவைப்பதற்கு யாரும் நிலையாகப் பணம் ஒதுக்குவதில்லை. அளவு இல்லாததால் எந்த வேலை பலன் தந்தது, எது தரவில்லை என்று யாருக்கும் தெரியாது. அதனால் அடுத்த முறையும் பெக்கோதான் வருகிறது.

அழுக்கு வரும் பாதை

தோணாவில் நின்று பார்த்தால் தோணாதான் அழுக்கு என்று தோன்றும். அழுக்கு வருவது தோணாவிலிருந்து அல்ல. அதற்குத் தண்ணீர் தரும் நீரேந்து பகுதி முழுவதிலிருந்தும் வருகிறது.

மேற்கேயிருந்து தொடங்குவோம். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் பட்டிப்பளை ஆறு மறிக்கப்பட்டுச் சேனநாயக்க சமுத்திரம் உருவானது. அதன் இடதுகரை வாய்க்கால் தண்ணீரில்தான் சம்மாந்துறைப் பக்கத்து வயல் வட்டைகள் விளைகின்றன. வயலுக்குப் பாய்ந்த தண்ணீரில் மிச்சம் வடிச்சல் வாய்க்கால்களில் இறங்கி, ஒரு பங்கு கிட்டங்கிப் பக்கமாக மட்டக்களப்பு வாவியின் தென் தொங்கலுக்குப் போகிறது. இன்னொரு பங்கு கரையோரச் சதுப்புகளில் சேர்கிறது. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். தண்ணீர் கட்டிய வயலில் எறியும் யூரியாவில் பயிர் எடுப்பது பெரும்பாலும் பாதிக்கும் குறைவு. மீதியில் ஒரு பகுதி காற்றோடு போகும், ஒரு பகுதி தண்ணீரோடு போகும். கிட்டங்கியில் ஆற்றுவாழை பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் மூடிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த நைதரசன் எங்கே போனது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது அரிசி ஆலைகள். புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊறவைத்து அவித்த தண்ணீர் புளித்து மணக்கும். அதில் கரைந்திருக்கும் மாப்பொருளைத் தின்ன நுண்ணுயிர்கள் பெருகி, தண்ணீரில் உள்ள ஒட்சிசனை எல்லாம் உறிஞ்சிவிடும். உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கு இலங்கையில் பொது வரம்பு உண்டு: உயிரியல் ஒட்சிசன் கேள்வி (அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஒட்சிசனின் அளவு) லீட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நெல் ஊறிய தண்ணீரை அப்படியே விட்டால் அந்த வரம்பை எத்தனையோ மடங்கு தாண்டிவிடும்.

ஆனால் எனக்குப் பெரிய கவலை வீடுகள்தான். கல்முனைக் கரையோரம் இலங்கையிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் இடங்களில் ஒன்று. மண் மணல், நிலத்தடி நீர் சில அடிகளிலேயே நிற்கும். நகரம் முழுவதற்குமான கழிவுநீர்க் குழாய் வலையமைப்புக் கிடையாது. ஒவ்வொரு வளவிலும் ஒரு மலசலகூடக் குழி, அதற்குச் சில மீற்றருக்கு அப்பால் கிணறு. மணல் எதையும் நிறுத்தி வைக்காது. முன்பு எல்லோரும் அந்தக் கிணற்றுத் தண்ணீரையே குடித்ததால், கிணறு கெட்டால் வீட்டுக்காரருக்கே உறைக்கும். இப்போது கொண்டவட்டுவான் பக்கமிருந்து குழாய்த் தண்ணீர் வருகிறது. குடிதண்ணீர் கிடைத்தது பெரிய நன்மை, அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் இரண்டு காரியம் கூடவே நடந்தது. ஒன்று, குழாய் வந்ததும் ஒவ்வொரு வீடும் பாவிக்கும் தண்ணீர் கூடியது. அதே அளவு அழுக்குத் தண்ணீர் குசினியிலிருந்தும் குளியலறையிலிருந்தும் வடிகானுக்கு வருகிறது, வடிகான் தோணாவுக்குப் போகிறது. மற்றது, கிணற்றை யாரும் இப்போது எட்டிப் பார்ப்பதில்லை.

சுனாமியையும் இதற்குள் சேர்த்துத்தான் பேச வேண்டும். 2004 க்குப் பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர் வரை வீடு கட்டக் கூடாது என்று அரசு முதலில் அறிவித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டாலும், உயிரையும் வீட்டையும் இழந்தவர்கள் கடலை விட்டு விலகிப் போகத்தான் விரும்பினார்கள். கிழக்கே கடல். போவதென்றால் மேற்கே வயலும் சதுப்பும்தான். கிறவல் போட்டு நிரப்பினார்கள். அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சதுப்புகள் மாரியில் வெள்ளத்தைத் தாங்கி, பன், சம்பு போன்ற நீர்ப்புற்கள் வளர்ந்து அழுக்கை வடிகட்டி, மெதுவாகத் தோணாவுக்கு விட்டவை. அவை குறையக் குறைய அதே மழை வேகமாகவும் அழுக்காகவும் வருகிறது. பன் பிடுங்கிப் பாய் இழைத்த பெண்களைக் கேட்டால் எந்த இடம் எப்போது மூடப்பட்டது என்று வரைபடம் இல்லாமலே சொல்வார்கள்.

பணத்துக்கும் ஒரு நாட்காட்டி உண்டு

அரசின் நிதியாண்டு ஜனவரி முதலாம் தேதி தொடங்கி டிசம்பர் 31 இல் முடிகிறது. வட கிழக்குப் பருவமழை ஒக்டோபர் கடைசியில் தொடங்கி, டிசம்பரில் உச்சத்துக்கு வந்து, தையில் குறைகிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கிய காசு கைக்கு வந்து, கேள்விப்பத்திரம் கோரி, ஒப்பந்தகாரரைத் தெரிந்தெடுத்து முடிக்க ஆவணி, புரட்டாதி ஆகிவிடும். வேலை தொடங்கும்போது வானம் கறுத்திருக்கும். டிசம்பருக்குள் செலவழிக்காவிட்டால் பணம் திறைசேரிக்குத் திரும்பிவிடும். அதனால் மழைக்குள்ளேயே தோண்டுவார்கள். அள்ளிய சேறும் ஆற்றுவாழையும் கரையிலேயே குவிந்து கிடக்கும். அடுத்த மழையில் சேறு உள்ளே சரியும். ஆற்றுவாழை அழுகி, தான் உறிஞ்சி வைத்த நைதரசனையும் பொசுபரசையும் அப்படியே திருப்பிக் கொடுக்கும்.

இது எந்த ஒரு உத்தியோகத்தரின் பிழையும் அல்ல. கொழும்பில் போட்ட நாட்காட்டியும் கிழக்கின் மாரியும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான். பங்குனி தொடக்கம் ஆவணி வரை வேலை நடக்க வேண்டுமென்றால், காசு முந்திய ஆண்டிலேயே உறுதியாகி, ஆண்டு தாண்டியும் செல்லுபடியாக வேண்டும். பல ஆண்டுக்கு ஒதுக்கீடு செய்யும் வெளிநாட்டு உதவித் திட்டங்களில் அது முடியும். ஆனால் அவற்றுக்கு வேறொரு நோய்.

வெளிநாட்டு நிதி என்றால் எங்கள் பக்கத்துக்கு அது புதிதல்ல. 2000 களில் ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் வடக்கு கிழக்குக் கரையோர சமூக அபிவிருத்தித் திட்டம் திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நடந்தது. வாவிகளையும் கரையோர வளங்களையும் முகாமை செய்வது அதன் நோக்கங்களில் ஒன்று. சுனாமிக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியில் அம்பாறையில் திண்மக் கழிவு வேலைகள் நடந்தன. சமூக அமைப்புகள் நேரடியாகக் கேட்கக்கூடியது உலகச் சுற்றாடல் வசதியின் சிறு மானியத் திட்டம். ஒரு திட்டத்துக்கு நீண்ட காலமாக 50,000 அமெரிக்க டொலர் வரை கிடைத்து வந்தது. இப்படிப் பணம் வருகிற வரையில் அறிக்கை வரும், அளவீடும் ஓரளவு நடக்கும். திட்டம் முடியும் தேதியோடு அளவீடும் முடியும். தண்ணீர் மாறத் தொடங்கும் நேரத்தில் பார்க்க ஆள் இருக்காது.

ஏன் மாற இவ்வளவு காலம்? இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்கொடையாளரும் அரசியல்வாதியும் பொதுமக்களும் ஒரே மாதிரி ஏமாறும் இடம் இதுதான். பல வருடம் வந்த பொசுபரசு தோணாவின் அடிச்சேற்றில் படிந்து கிடக்கிறது. அடியில் ஒட்சிசன் தீர்ந்துபோனால் சேறு அதை மறுபடி தண்ணீருக்குள் விடும். ஆக, இன்று எல்லா வடிகானையும் அடைத்து, ஒரு சொட்டு அழுக்கும் வராமல் செய்தாலும், சேறு இன்னும் சில வருடத்துக்குப் பாசியை வளர்க்கும். மூன்று வருடத் திட்டம் ஒன்று தன் கடைசி அறிக்கையில் "முன்னேற்றம் தெரியவில்லை" என்று எழுதினால், வேலை தோற்றது என்று அர்த்தமாகாது. பார்த்த காலம் போதாது என்பதுதான் அர்த்தம்.

2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடன் கட்டுவதை நிறுத்தியபோது கடனில் நடந்த பல வேலைகள் இடையில் நின்றன. 2023 பங்குனியிலிருந்து 2025 மே வரை நாட்டின் ஏறத்தாழ எல்லா உள்ளூராட்சி மன்றங்களிலும் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்களே இல்லை. ஒரு நீரேந்து பகுதிக்குத் தேவைப்படும் பத்து வருடப் பொறுமையை வெளிக்கடன், உள்ளூராட்சி மன்றம் ஆகிய இந்த இரண்டில் எதன்மேலும் மட்டும் சாய்த்து வைக்க முடியாது.

போத்தலுக்குள் தெரிவது

சில வருடங்களுக்கு முன், இரசாயனவியல் படிப்பிக்கும் நண்பர் ஒருவரோடு விடிவதற்கு முன் தோணாப் பாலத்தடிக்குப் போனேன். தண்ணீரிலுள்ள ஒட்சிசனை அளக்க உயர்தரச் செய்முறையில் வரும் விங்க்ளர் முறையைத்தான் அவர் கொண்டுவந்திருந்தார். மூடியுள்ள கண்ணாடிப் போத்தலைத் தண்ணீருக்குள் சரித்து, ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் நிரப்பினார். மங்கனீசு சல்பேற்றுக் கரைசல் கொஞ்சம், காரம் கலந்த அயடைட்டுக் கரைசல் கொஞ்சம் விட்டு மூடி, தலைகீழாக நாலைந்து தடவை புரட்டினார். தண்ணீரில் ஒட்சிசன் இருந்தால் பழுப்பு நிற வீழ்படிவு வரும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே இருக்கும். அன்று வெள்ளை. தயிர் உடைந்ததுபோல் வெள்ளைத் துகள்கள் மெல்லப் போத்தலின் அடிக்கு இறங்கின.

வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வயதான ஒருவர் நின்று பார்த்தார்.

"என்ன சேர், பால் மாதிரி இருக்கு?"

"இந்தத் தண்ணியில மீன் மூச்சு விட ஒண்டும் இல்ல எண்டு அர்த்தம் காக்கா."

"அதுதான் ஒரு வருசமா மணலை மீனக் காணல்ல," என்று சொல்லிவிட்டு அவர் முகத்துவாரப் பக்கம் நடந்தார்.

பின்னேரம் மூன்று மணிக்கு அதே இடத்தில் மறுபடி எடுத்தோம். இப்போது நல்ல பழுப்பு! பகல் முழுவதும் வெயிலில் பாசி ஒட்சிசனை உண்டாக்கியிருந்தது. இரவில் அதே பாசியும் சேறும் அதைத் தின்று தீர்த்துவிடும். அன்று பகல் பதினொரு மணிக்கு ஒருவர் வந்து ஒரு மாதிரி எடுத்து அறிக்கை எழுதியிருந்தால், "நிலைமை திருப்தி" என்றுதான் வந்திருக்கும். அவர் பொய் எழுதியவரும் அல்ல.

இதனால்தான் அளப்பது என்பது கருவி வாங்குவது அல்ல. எப்போது, எங்கே, எத்தனை தடவை என்பதுதான் அதன் உயிர். முப்பது பாகை வெப்பத்தில் நன்னீர் தாங்கக்கூடிய ஒட்சிசன் லீட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம். மீன்கள் சுகமாக இருக்க 5 வேண்டும். 2 க்குக் கீழே இறங்கினால் ஓடக்கூடியது ஓடும், மற்றது சாகும். இந்த எண்ணை விடியற்காலையில் எடுக்க வேண்டும், முகத்துவாரம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். திறந்திருந்தால் கடல்நீர் உள்ளே வந்து எல்லாவற்றையும் நல்லதாகக் காட்டும். உவர்ப்பை அளக்காமல் எழுதிய எந்த எண்ணையும் நான் நம்ப மாட்டேன்.

கிருமியை அளப்பது இன்னும் சிக்கல். மலக்கழிவு கலந்திருக்கிறதா என்று காட்டும் ஈ. கோலை பற்றீரியாவுக்கான மாதிரியை ஐசில் வைத்து ஆறு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவது நல்லது. கல்முனையிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் அனுப்பினால் அந்த நேரம் வழியிலேயே போய்விடும். ஆனால் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தோணாவிலிருந்து சம்மாந்துறைக்கு மோட்டார் சைக்கிளில் போய்விடலாம். திட்டம் எழுதும்போதே ஆய்வுகூடத்தை ஊருக்குப் பக்கத்தில் வைத்து எழுத வேண்டும்.

இனி ஓட்டம். எங்கள் பக்கத்து அறிக்கைகளில் நான் அதிகம் தேடிக் கிடைக்காமல் போனது இதுதான். ஒரு லீட்டரில் எவ்வளவு அழுக்கு என்பது பாதிக் கதை. எத்தனை லீட்டர் ஓடுகிறது என்று தெரிந்தால்தான் மொத்தச் சுமை தெரியும். ஒரு உதாரணக் கணக்குப் போடுவோம். கோடையில் ஒரு வடிகானில் செக்கனுக்கு 100 லீட்டர் ஓடுகிறது, லீட்டரில் 10 மில்லிகிராம் நைத்திரேற்று இருக்கிறது என்று வையுங்கள். செக்கனுக்கு ஒரு கிராம், நாளொன்றுக்கு 86 கிலோ. மாரியில் செக்கனுக்கு 1,000 லீட்டர், லீட்டரில் 4 மில்லிகிராம். போத்தலைப் பார்த்தால் தண்ணீர் சுத்தமாகிவிட்டது. கணக்கைப் பார்த்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 346 கிலோ, நாலு மடங்கு! ஓட்டத்தை அளக்கப் பெரிய செலவில்லை. நேரான ஒரு துண்டு வாய்க்காலில் பத்து மீற்றரை அளந்து, ஒரு தென்னங் குரும்பட்டியை மிதக்கவிட்டு, எத்தனை செக்கனில் போகிறது என்று பாருங்கள். மேல்தண்ணீர் அடித்தண்ணீரைவிட வேகமாகப் போகும் என்பதால் வந்த வேகத்தை 0.85 ஆல் பெருக்கி, அதை வாய்க்காலின் அகலத்தாலும் சராசரி ஆழத்தாலும் பெருக்கினால் ஓட்டம் கிடைத்துவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்யும் கணக்கு.

ஒப்பிடுவதற்கு வேலை நடக்காத இன்னொரு தோணாவையும் அதே நாளில் அளக்க வேண்டும். நல்ல மழை பெய்த வருடத்தில் எல்லாத் தோணாவும் சுத்தமாகத் தெரியும். அந்தப் பெயரைத் திட்டம் தட்டிக்கொண்டு போகக் கூடாது. அதேபோல் மழை பொய்த்த வருடத்தில் நல்ல வேலைக்குக் கெட்ட பெயர் வரவும் கூடாது.

அப்படியென்றால் காசு?

குழாயைக் காட்டி "இதுதான் குற்றவாளி" என்று சொல்ல முடியாத அழுக்கு எல்லா நாட்டுக்கும் தலைவலிதான். அமெரிக்காவில் 1987 இல் சுத்தமான நீர்ச் சட்டத்தில் 319 ஆம் பிரிவைச் சேர்த்து, இந்த வகை அழுக்கைக் குறைக்க மாநிலங்களுக்கு மானியம் கொடுக்கத் தொடங்கினார்கள். எனக்கு அதில் பிடித்தது தொகை அல்ல, அவர்கள் கேட்கும் திட்டத்தின் அமைப்பு. அழுக்கு எங்கிருந்து வருகிறது, எந்த வேலை செய்தால் எவ்வளவு சுமை குறையும், என்ன செலவு, எந்தக் காலத்துக்குள், இடையில் எதைப் பார்த்துச் சரியாகப் போகிறது என்று சொல்வீர்கள், எப்படி அளப்பீர்கள் என்பவை உட்பட ஒன்பது கூறுகள் கேட்கிறார்கள். அளப்பது அங்கே பின்னிணைப்பு அல்ல, திட்டத்தின் உடம்பு. இங்கே நான் பார்த்த மதிப்பீடுகளில் சேறு எத்தனை கன மீற்றர் என்று இருந்தது, நைதரசன் எத்தனை கிலோ குறையும் என்று ஒன்றிலும் இல்லை.

என் கணிப்பில், தோணாவுக்கென்று வரும் எந்த நிதியிலும் பத்தில் ஒன்றை முதலிலேயே பிரித்து, அளப்பதற்கென்று தனிக் கணக்கில் வைக்க வேண்டும். அது திட்டம் முடிந்து ஐந்து வருடத்துக்காவது ஓட வேண்டும். அதைச் செலவழிப்பவர் வேலையைச் செய்தவராக இருக்கக் கூடாது, பல்கலைக்கழகமாக இருப்பது நல்லது. ஒப்பந்தகாரரின் கட்டணத்தில் ஒரு சிறு வீதத்தைத் தடுத்துவைத்துப் பிறகு கொடுக்கும் வழக்கம் கட்டட வேலையில் ஏற்கெனவே உண்டு. தோண்டும் வேலைக்கும் அதையே வைத்து, ஒரு மாரி கழிந்த பிறகு ஆழத்தை அளந்து பார்த்துக் கொடுக்கலாம். கரையில் கொட்டிய சேறு உள்ளே சரிந்ததா என்று அப்போது தெரிந்துவிடும்.

நாளாந்தச் செலவுக்கு ஊர்ப் பணம்தான் வேண்டும். வீட்டுக்குக் கட்டும் சோலைவரியும் குப்பைக் கட்டணமும் தவறாமல் வசூலாகும் இடத்தில் அதிலிருந்து ஒரு சிறு தொகையை ஒதுக்குவது நடக்காத காரியமல்ல. சிறு தொழில்களுக்கான சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தை மத்திய சுற்றாடல் அதிகாரசபை கொடுத்த அதிகாரத்தில் உள்ளூராட்சி மன்றங்களே வழங்குகின்றன. உரிமம் புதுப்பிக்க வரும்போது வெறும் கட்டணச் சீட்டோடு முடிக்காமல், வடிகானில் எடுத்த ஒரு நீர் மாதிரியின் அறிக்கையையும் கேட்கலாம். மாதிரிச் செலவை தொழிலே ஏற்கும்.

ஆனால் இத்தனையையும் ஒருங்கிணைக்க யார்? முகத்துவாரம் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பு. பெரிய வாய்க்கால் நீர்ப்பாசனத் திணைக்களம், சிறிய வாய்க்கால் கமநல சேவை. மீனுக்கு மீன்பிடித் திணைக்களம், குப்பைக்கும் வடிகானுக்கும் உள்ளூராட்சி மன்றம், காணிக்குப் பிரதேச செயலகம். தோணா ஒன்று, கந்தோர் ஆறு. கரையோரச் சட்டத்தில் விசேட பிரதேச முகாமைத்துவம் என்று ஒரு வழி இருக்கிறது. ஒரு இடத்தைக் குறித்து, சம்பந்தப்பட்ட எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைப்பது அதன் சாரம். அந்த மேசைக்கு வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையும் மீனவர் சங்கத் தலைவரும் வர வேண்டும். வயலில் எந்தக் கிழமை தண்ணீர் வடிப்பார்கள் என்று விதானைக்குத் தெரியும். மணலை மீன் எந்த மாதம் ஏறும் என்று மீனவருக்குத் தெரியும். இந்த இரண்டும் தெரியாமல் மாதிரி எடுக்கும் நாளைக் குறிக்க முடியாது.

கிடைக்கும் எண்களைப் பூட்டி வைக்கவும் கூடாது. 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தக் குடிமகனும் பொது அதிகாரசபையிடம் இந்த அறிக்கைகளைக் கேட்கலாம். கேட்டு வாங்கும் நிலைக்கு விடாமல், தோணாப் பாலத்தில் ஒரு பலகை வைத்து, தேதி, விடியற்காலை ஒட்சிசன், உவர்ப்பு, முகத்துவாரம் திறந்ததா மூடியதா என்று நாலு வரி எழுதிவிட்டால் போதும். வேலைக்குப் போகிறவரும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் பார்த்துக்கொண்டு போவார்கள்.

அடுத்த பெக்கோ எப்போது வரும் என்று தெரியாது, ஆனால் வரும். அது வருவதற்கு முன் ஒரு கோடையும் ஒரு மாரியும் முழுதாக அளந்திருக்க வேண்டும். ஆடியில், முகத்துவாரம் அடைபட்டு, வயலில் சிறுபோகப் பசளை எறிந்து சில நாள் கழிந்து, விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பாலத்தடியில் எடுக்கும் போத்தல்தான் முதல் எண். அதற்குத் தேவையான கரைசல்கள் ஊரிலுள்ள ஒவ்வொரு உயர்தர விஞ்ஞானப் பாடசாலையின் அலுமாரியிலும் இருக்க வேண்டியவைதான்.